பதிவேடும் மருந்தும்

நோயாளி ஒருவர் மருத்துவமனையின் வாயிலை அடைந்ததும் அவரிடம் கேட்கப்படும் முதற் கேள்வி யாது? சில இடங்களில், "உமக்கு என்ன நோய்?" என்று கேட்கிறார்கள். வேறு சில இடங்களில், "உமது எண் என்ன?" என்று கேட்கிறார்கள். "எவ்வளவு பணம் கட்டுவீர்?" என்று கேட்கும் இடங்களும் உண்டு, அதனை நாம் அனைவரும் அறிவோம், அதற்கு வரலாறு கூற வேண்டியதில்லை. முதலிரண்டு கேள்விகளுக்கும் தனித்தனி வரலாறு உண்டு. அவ்விரு வரலாறுகளும் வந்து ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் ஊர் திருப்பூர். ஆதலின் இன்று திருப்பூரை நடுவே வைத்து, தொழிலாளர் மருத்துவம் நம் நாட்டில் வளர்ந்த கதையை மாணவ நண்பர்களுக்குச் சொல்ல விழைகின்றேன்.

எண்ணைக் கேட்கும் வழக்கம் ஜெர்மனியில் பிறந்தது. 1883-ஆம் ஆண்டில் பிஸ்மார்க் நோய்க் காப்பீட்டுச் சட்டம் ஒன்றை நிறைவேற்றினார். தொழிலாளியின் கூலியிலிருந்து ஒரு பங்கு, முதலாளியிடமிருந்து ஒரு பங்கு. இரண்டையும் ஒரு நிதியில் சேர்த்து, நோயுற்ற தொழிலாளிக்கு மருந்தும் உதவித்தொகையும் வழங்குவது என்பதே அதன் அமைப்பு. தொழிலாளர் கட்சியின் செல்வாக்கைத் தடுக்கவே அவர் இதனைச் செய்தார் என்பர். நோக்கம் எதுவாயினும் விளைவு பெரிது. 1911-இல் இங்கிலாந்தும் இதே வழியில் ஒரு சட்டம் இயற்றியது. ஆனால் அங்கே ஒரு குறை விரைவில் வெளிப்பட்டது. ஆலையில் உழைப்பவனுக்கு மருத்துவர் உண்டு. வீட்டில் இருக்கும் அவன் மனைவிக்கும் மக்களுக்கும் இல்லை. அவர்களுடைய பெயர் எந்த ஆலையின் ஏட்டிலும் ஏறவில்லையே!

இக்குறையை நீக்க 1942-இல் பெவரிட்ஜ் அறிக்கை வழி காட்டியது. 1948 ஜூலை 5-ஆம் நாள், அனூரின் பெவன் அமைச்சராக இருந்தபோது, பிரிட்டனில் தேசிய மருத்துவப் பணி தொடங்கியது. அன்றைய தினம் அவர்கள் செய்த ஒரு காரியத்தை மாணவர்கள் கூர்ந்து நோக்க வேண்டும். நோய் வந்தால் இரண்டு இழப்புகள் நேர்கின்றன. ஒன்று மருத்துவச் செலவு. மற்றொன்று வேலைக்குப் போகாத நாட்களின் கூலி. பிரிட்டிஷார் இவ்விரண்டையும் பிரித்துவிட்டனர். கூலி இழப்புக்கு ஈடு செய்வதைச் சந்தா செலுத்தும் காப்பீட்டின் பொறுப்பில் விட்டனர். மருத்துவத்தையோ பெரும்பாலும் பொது வரிப்பணத்திலிருந்து, ஏட்டில் பெயர் உள்ளவர், இல்லாதவர் என்ற வேறுபாடின்றி யாவர்க்கும் உரியதாக்கினர்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1943-ஆம் ஆண்டு நமக்கு முக்கியமானது. அவ்வாண்டில் இந்திய அரசு இரண்டு வேறு முயற்சிகளைத் தொடங்கிற்று. பேராசிரியர் பி. பி. அதார்க்கர் ஆலைத் தொழிலாளர்க்கு நோய்க் காப்பீடு அமைப்பது பற்றி ஆராய அமர்த்தப்பெற்றார். 1944-இல் அறிக்கை அளித்தார். சர் ஜோசப் போர் தலைமையில் ஒரு குழு நாட்டு மக்கள் அனைவரின் உடல்நலம் பற்றி ஆராயத் தொடங்கியது. 1946-இல் அறிக்கை அளித்தது. நம் சென்னையின் டாக்டர் ஆ. லட்சுமணசாமி முதலியார் இக்குழுவில் ஓர் உறுப்பினர். பணம் கொடுக்க இயலவில்லை என்பதற்காக எவருக்கும் மருத்துவம் மறுக்கப்படலாகாது என்பது போர் குழுவின் அடிப்படைக் கொள்கை. ஊர்தோறும் ஆரம்ப சுகாதார நிலையம் வேண்டும் என்ற எண்ணம் அதிலிருந்தே பரவியது.

ஒரே ஆண்டில் புறப்பட்ட இவ்விரண்டு பாதைகளும் பின்னர் ஒன்றாகச் சேரவில்லை. அதார்க்கர் காட்டிய வழியில் 1948 ஏப்ரலில் தொழிலாளர் அரசு ஈட்டுறுதிச் சட்டம் நிறைவேறியது, நாம் இ.எஸ்.ஐ. என்று சுருக்கி வழங்குவது இதைத்தான். பிரிட்டன் மருத்துவத்தைப் பதிவேட்டிலிருந்து விடுவித்த அதே ஆண்டில், நாம் மருத்துவத்தையும் கூலி ஈட்டையும் சேர்த்து ஒரே பதிவேட்டில் கட்டினோம். நம் முன்னோரைக் குறை கூறுவதற்காக இதனைச் சொல்லவில்லை. புதிதாக விடுதலை பெற்ற ஏழை நாட்டில் போர் குழுவின் திட்டத்தை முழுமையாக நிறைவேற்றப் பணம் இல்லை. ஆலைத் தொழிலாளியிடம் மாதக்கூலி இருந்தது. முதலாளியிடம் இலாபம் இருந்தது. பணம் கிடைக்கும் இடத்தில் தொடங்கினார்கள். 1952 பிப்ரவரி 24-ஆம் நாள் கான்பூரில் பிரதமர் நேரு இத்திட்டத்தைத் தொடங்கி வைத்தார்; அன்றே தில்லியிலும் நடைமுறைக்கு வந்தது. மாதம் 400 ரூபாய் வரை ஊதியம் பெற்றவர்களே அன்று இதற்கு உரியவர்கள். குடும்பத்தாருக்கும் மருத்துவம் என்பது 1958 முதல் படிப்படியாகச் சேர்ந்தது.

தமிழ்நாட்டில் இத்திட்டம் முதன்முதல் வந்த ஊர் சென்னையன்று, கோயம்புத்தூர். 1955 ஜனவரி 23-ஆம் நாள் அங்கே தொடங்கியது. காரணம் தேட வேண்டியதில்லை. பைக்காரா மின்சாரம் 1930-களில் வந்த பின்பு அந்நகரைச் சுற்றி எழுந்த நூற்பாலைகளைக் கண்டவர்களுக்கு அது விளங்கும். ஆலை என்றால் ஒரு மதில், ஒரு வாயில், ஒரு சங்கு. வாயிலில் ஒரு பதிவேடு. உள்ளே புகுவோர் பெயரெல்லாம் அதில் உண்டு. இ.எஸ்.ஐ. சட்டத்தை எழுதியவர்களின் மனக்கண்ணில் நின்ற தொழிற்சாலை இத்தகையதே. மின்விசையால் இயங்குவதும், 20 பேருக்குக் குறையாமல் வேலை செய்வதுமான ஆலைகளுக்கு என்று அவர்கள் விதித்தமை இதனைக் காட்டுகிறது.

கோயம்புத்தூரிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் திருப்பூரின் தொழில் வேறு விதமாக வளர்ந்தது. பஞ்சுச் சந்தையாகவும் கதர் மையமாகவும் விளங்கிய அவ்வூரில், 1925-ஆம் ஆண்டையொட்டிப் பனியன் நெய்யும் தொழில் தொடங்கியது. குலாம் காதர் சாகிபு என்பவரை அதன் முன்னோடியாகக் குறிப்பிடுவர். கையால் சுழற்றும் பின்னல் எந்திரங்களுடன் தொடங்கிய சிறு கூடங்கள் அவை. பின்னர் மின்சாரம் வந்தது. நூல் பின்னுவது முதல் பெட்டியில் அடுக்குவது வரை ஒரே கூரையின்கீழ் நடத்திய கம்பெனிகளும் தோன்றின. தொழிற்சங்கங்கள் வலுப்பெற்றன. 1984-இல் பஞ்சப்படி கோரி 127 நாட்கள் நீடித்த வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. அதன் பின்னர், ஏற்றுமதி பெருகிய காலத்தில், ஒரு கூரையின்கீழ் இருந்த வேலைகள் பல கூரைகளுக்குப் பிரிந்து சென்றன. இப்பிரிவு அதற்கு முன்பே தொடங்கியதுதான். ஆயினும் அவ்வேலைநிறுத்தத்திற்குப் பிறகு அது வேகம் பெற்றது என்பது என் கருத்து. பிரிந்து கிடக்கும் சிறு பட்டறைகளில் சங்கம் அமைப்பது கடினம். வரும் ஆர்டர் அளவுக்கேற்ப ஆட்களைக் கூட்டவும் குறைக்கவும் எளிது.

இன்று ஒரு பனியனின் பயணத்தைப் பாருங்கள். நூல் நிட்டிங் கூடத்தில் துணியாகிறது. துணி சாயப்பட்டறைக்குப் போகிறது. அங்கிருந்து காம்பாக்டிங், பிறகு கட்டிங். வெட்டிய துண்டுகள் கட்டுக்கட்டாக ஒரு பவர் டேபிளுக்குச் செல்கின்றன. பவர் டேபிள் என்பது ஒரே மோட்டாரில் ஓடும் தையல் எந்திரங்களின் வரிசை. இன்று அத்தகைய தையற்கூடத்திற்கே அது பெயராகிவிட்டது. அங்கே ஒருவர் ஓவர்லாக் அடிப்பார், மற்றொருவர் பேட்லாக் அடிப்பார், வேறொருவர் கைமடிப்பார். பின்பு செக்கிங், அயர்ன், பேக்கிங். ஏற்றுமதியாளர் ஒருவரின் பெயரில் கப்பலேறும் அச்சட்டையைத் தொட்ட கைகளில் பல அவருடைய பதிவேட்டில் இல்லாதவை. அவர்களிற் சிலர் ஜாப் ஒர்க் எடுத்தவரின் ஆட்கள். சிலர் கான்ட்ராக்டர் அழைத்து வந்த குழு. சிலர் பீஸ் கணக்கில் சனிக்கிழமை கூலி வாங்கிக்கொண்டு, திங்கட்கிழமை வேறு கம்பெனிக்குப் போகிறவர்கள். மதிலும் வாயிலும் சங்கும் உள்ள ஆலைக்கென்று தைத்த சட்டை இவ்வூருக்குப் பொருந்தவில்லை.

சட்டம் பின்னர் சற்று நெகிழ்ந்தது. 20 பேர் என்ற வரம்பு 10 பேராகக் குறைந்தது. அதற்கும் குறைந்த ஆட்களுடன் நடக்கும் கூடங்கள் தாமாக விரும்பினாலன்றி இத்திட்டத்துள் வருவதில்லை. எட்டுத் தையல் எந்திரங்கள் உள்ள பவர் டேபிளில் ஒரு தொழிலாளியின் விரலை ஊசி துளைத்துவிட்டால் என்ன ஆகும் என்பதை நீங்களே எண்ணிப் பார்க்கலாம். பெரிய கம்பெனியாயின் விபத்து ஈட்டுத் தொகை வேலையில் சேர்ந்த முதல் நாள் முதற்கொண்டே உண்டு. ஊதியத்தில் 90 விழுக்காடு. எட்டுப் பேர் கூடத்திலோ, நடைமுறையில் பெரும்பாலும் கூடத்துக்காரரின் மனமே அளவு.

பதிவேட்டில் பெயர் ஏறினால் கிடைப்பது சிறிதன்று. கணக்கைச் சொல்கின்றேன். மாதம் 12,000 ரூபாய் ஊதியம் என்று கொள்வோம். 2019 ஜூலை முதல் தொழிலாளியின் பங்கு 0.75 விழுக்காடு, அதாவது 90 ரூபாய். முதலாளியின் பங்கு 3.25 விழுக்காடு, அதாவது 390 ரூபாய். மருத்துவச் செலவில் எட்டில் ஒரு பகுதியை மாநில அரசு ஏற்கிறது. இதற்கு ஈடாகக் குடும்பம் முழுமைக்கும் மருத்துவம். நோயுற்றுப் படுத்தால் ஆண்டில் 91 நாட்கள் வரை ஊதியத்தில் 70 விழுக்காடு. காசநோய், புற்றுநோய் போன்ற நெடுநோயாயின் இரண்டு ஆண்டுகள் வரை 80 விழுக்காடு. மகப்பேற்றுக்கு 26 வாரம் முழு ஊதியம். இந்திய நாட்டில் உழைப்பாளிக்கு இவ்வளவு வழங்கும் திட்டம் வேறில்லை எனலாம்.

அங்ஙனமாயின் தொழிலாளர்களே "பிடித்தம் வேண்டாம், கையில் கொடுங்கள்" என்று கேட்பது ஏன்? அறியாமை என்று பலர் எளிதாகக் கூறிவிடுவர். நான் அதனை ஒப்புவதில்லை. நோய்க்கால உதவித்தொகை பெற ஆறு மாதத் தவணை ஒன்றில் 78 நாட்களுக்குச் சந்தா செலுத்தியிருக்க வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை செலுத்தியதன் பயன் அடுத்த ஜனவரியில்தான் தொடங்குகிறது. மூன்று மாதத்திற்கு ஒரு கம்பெனி மாறுகிறவர், இடையில் ஒருவர் பெயரைப் பதியாமல் விட்டால், தவணையை நிரப்ப இயலாது. பிடித்த பணம் நிதியில் இருக்கும். உதவித்தொகை அவருக்கு எட்டாது. மேலும் மருந்தகம் திறந்திருக்கும் நேரத்தில் ஷிப்ட் நடக்கிறது. மருந்து வாங்கப் போனால் அரை நாள் கூலி போகிறது. இந்நிலையில் பிடித்தத்தை வெறுப்பவன் கணக்குத் தெரியாதவனல்லன். தன் கணக்கைச் சரியாகப் போட்டவனே.

மருத்துவமனையின் தொலைவும் நெடுங்காலம் ஒரு தடையாக நின்றது. ஊருக்குள் இ.எஸ்.ஐ. மருந்தகங்கள் இருந்தன, படுக்கை வசதி உள்ள இ.எஸ்.ஐ. மருத்துவமனை இல்லை. கோயம்புத்தூர் சிங்காநல்லூருக்குச் செல்ல வேண்டும். அல்லது ஒப்பந்தம் செய்துகொண்ட தனியார் மருத்துவமனைக்கு அனுப்பப்பெற வேண்டும். 100 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை ஒன்றுக்கு 2019 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பெற்றது. 2024 பிப்ரவரி 25-ஆம் நாள் அது திறக்கப்பெற்றது. கோயம்புத்தூரில் திட்டம் தொடங்கி 69 ஆண்டுகள் சென்ற பின்பு, ஆண்டுக்கு ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய்க்கு ஆடை ஏற்றுமதி செய்யும் நகருக்கு இம்மருத்துவமனை கிடைத்தது. சந்தா செலுத்தியவர்கள் இதற்குள் ஒரு தலைமுறைக்கு மேல் முதியோராகிவிட்டனர்.

"உமக்கு என்ன நோய்?" என்று கேட்கும் மற்றொரு மரபு இவ்வளவு காலமும் என்ன செய்தது? அது பெரிய காரியம் செய்திருக்கிறது. சென்னை மாகாணம் 1939-இலேயே பொதுச் சுகாதாரச் சட்டம் இயற்றியது. நம் நாட்டில் அதுவே முதலாவது. பொதுச் சுகாதாரத்திற்கெனத் தனித்துறை இங்கே தொடர்ந்து இயங்கி வந்துள்ளது. 1987-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் ஏழைத் தாய்மார்க்கு மகப்பேற்று உதவித் திட்டம் வந்தது. 1994-இல் நிறுவப்பெற்ற தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மருந்துகளை மொத்தமாக வாங்கி அரசு மருத்துவமனைகளுக்கும் சுகாதார நிலையங்களுக்கும் அனுப்பும் முறையை வகுத்தது. வேறு மாநிலங்கள் அதனைப் பார்த்துப் பின்பற்றின. 1971-இல் தமிழ்நாட்டில் பிறந்த 1,000 குழந்தைகளில் 113 பேர் ஓராண்டு நிறையுமுன் இறந்தனர். 2020-இல் அவ்வெண்ணிக்கை 13. அதே ஆண்டில் இந்தியா முழுமைக்கும் 28. இக்குழந்தைகளின் தாயிடம் எவரும் அட்டை கேட்கவில்லை. பவர் டேபிளில் பிசிறு வெட்டும் பெண்ணும் நூற்பாலைப் பெண்ணும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரே வரிசையில் நின்றனர்.

எனினும் இம்மரபு தன் வலிமையைப் பெரிதும் காட்டியது மகப்பேற்றிலும் தடுப்பூசியிலும் தொற்றுநோய்த் தடுப்பிலும்தான். நாற்பது வயதில் நீரிழிவும் இரத்த அழுத்தமும் வந்தவருக்கு மாதந்தோறும் மருந்து வேண்டும். இதயத்தில் அடைப்பு வந்தால் அறுவை வேண்டும். இவ்விடத்தில்தான் குடும்பங்கள் கடனில் வீழ்கின்றன. இந்தியாவின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் தம் கையிலிருந்து கொடுத்தது 2013-14-இல் 64 விழுக்காடு. 2021-22-இல் அது 39 விழுக்காடாகக் குறைந்தது. குறைந்தது மகிழ்ச்சியே, ஆனால் 39 என்பதும் சிறிய எண்ணன்று. அன்றியும், இலவச மருந்து நோயை ஆற்றும். படுத்த நாட்களின் கூலியைத் தராது. அதனைத் தருவது பதிவேடு ஒன்றே. ஆகவே ஒரு மரபு இருக்க மற்றொன்று எதற்கு என்று கேட்பது பொருந்தாது.

இடைவெளியை அடைக்க மூன்றாவதாக ஒரு வழி பிறந்தது. 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012-இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் வந்தன. அறுவை முதலிய பெருஞ்செலவுகளை அரசு சந்தா கட்டி ஏற்கும் முறை இது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மேற்படாத குடும்பங்கள் இதற்குரியவை. இங்கே மறுபடியும் ஒரு சிறு கணக்குப் போடுவோம். 1,20,000-ஐ 12-ஆல் வகுத்தால் மாதம் 10,000. திருப்பூரில் கணவனும் மனைவியும் பனியன் வேலைக்குப் போனால் அவர்கள் வருமானம் இவ்வரம்பைத் தாண்டிவிடும். அவர்கள் வேலை செய்யும் கூடமோ பத்துப் பேருக்குக் குறைந்தது, இ.எஸ்.ஐ. இல்லை. ஏழையென்று சொல்ல வருமானம் கூடுதல். தொழிலாளியென்று சொல்லப் பதிவேடு இல்லை. உழைக்கும் குடும்பம் ஒன்று தன் உழைப்பினாலேயே இரண்டு கதவுகளுக்கும் வெளியே நிற்பது விந்தையன்றோ? ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களுக்கு மேலும் ஒரு நிபந்தனை உண்டு. இங்கே ஆறு மாதத்திற்கு மேல் தங்கியதற்குச் சான்று காட்ட வேண்டும்.

அண்மைக் காலத்தில் அரசு மருத்துவம் வாயிலில் காத்திராமல் மக்களிடம் செல்லத் தொடங்கியிருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் நீரிழிவு, இரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கான மாத்திரைகளை வீட்டிற்கே கொண்டு சேர்க்கிறது. 2024-இல் தொழிற்கூடங்களிலும் தொழிலாளரைப் பரிசோதிக்கும் ஏற்பாடு வந்தது. 2022 ஜனவரியில் திருப்பூருக்கு அரசு மருத்துவக் கல்லூரியும் கிடைத்தது. எண் கேட்காத மரபு இவ்வாறு தன் எல்லையை விரித்துக்கொண்டு வருகிறது.

பதிவேட்டு மரபிலும் மாற்றம் நேர்ந்துள்ளது. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில், 2020-இல் இயற்றப்பெற்ற சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. பத்துப் பேர் என்ற வரம்பு, பொதுவாக, அதிலும் நிற்கிறது. ஆபத்தான தொழிலென்று அறிவிக்கப்பெறுவதாயின் ஒருவரே வேலை செய்யினும் இ.எஸ்.ஐ. உண்டு. உடன் வந்த வேறொரு தொகுப்புச் சட்டம், தொழிலாளி ஒவ்வொருவருக்கும் எழுத்து மூலமான நியமனக் கடிதம் தரப்பட வேண்டும் என்கிறது. வெள்ளிக்கிழமை ஒரு கூடத்திலும் திங்கட்கிழமை மற்றொரு கூடத்திலும் ஓவர்லாக் அடிக்கும் தொழிலாளிக்கு அக்கடிதத்தை எழுதித் தருபவர் கான்ட்ராக்டரா, ஜாப் ஒர்க் எடுத்தவரா, சட்டையின் கழுத்தில் தம் பெயர்ச்சீட்டைத் தைக்கச் சொன்ன கம்பெனியா? திருப்பூரில் இனி இவ்வழக்குத்தான் நடக்கப்போகிறது.